தங்கராசு நடராஜன்

தங்கராசு நடராஜன் (பிறப்பு: 1991) தமிழ்நாட்டைச் சேர்ந்த துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரர் ஆவார். இடக்கை மித வேகப் பந்துவீச்சாளரான இவர், இருபது20 ஆட்டங்களின் இறுதி ஓவர்களில் யார்க்கர் வகைப் பந்துகளைத் தொடர்ந்து வீசும் திறனுக்காக அறியப்படுகிறார். 2020 - 2021 ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தில் வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராகச் சென்று, ஒருநாள், இருபது20, தேர்வு ஆகிய மூன்று வகைப் பன்னாட்டு ஆட்டங்களிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைகளிலும் அறிமுகமான முதல் இந்திய வீரர் இவரே.

நடராஜன் முதல்தரத் துடுப்பாட்டத்துக்கு வந்தது 23 ஆம் அகவையில். இந்திய அணிக்கு வந்தது 29 ஆம் அகவையில். வேகப் பந்துவீச்சாளர் ஒருவருக்கு இது மிகவும் பிந்திய தொடக்கமாகும். ஒரே ஒரு சிறப்புத் திறனைக் கொண்டு ஒரு வீரர் எவ்வளவு உயரம் செல்ல முடியும், அத்திறனின் எல்லை எங்கே முடிகிறது ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் இவரது ஆட்ட வாழ்க்கை எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

இளமைக் காலம்

நடராஜன் சேலம் மாவட்டத்தில் உள்ள சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் இவரே மூத்தவர். தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கோழி இறைச்சி உணவுக் கடை நடத்தி வந்தார். குடும்ப வருவாய் குறைவாக இருந்ததால், முறையான பயிற்சியகம் எதிலும் இளமையில் சேரும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை.

சேலம் ஆனாலும் திண்டுக்கல் சமவெளியில் உள்ள கீரனூர் ஆனாலும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இளைஞர்கள் துடுப்பாட்டத்தைத் தொடங்குவது பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான். நடராஜனும் ஏறத்தாழ 20 அகவை வரை டென்னிஸ் பந்தில் மட்டுமே ஆடினார். எடை குறைந்த டென்னிஸ் பந்து தரையில் பட்டு எழும்பினால் மட்டையாளர் எளிதாக அடித்துவிடுவார். ஆகவே, மட்டையாளரின் காலடியில் நேராக விழும்படி வீசுவதே இவ்வகை ஆட்டங்களில் பந்துவீச்சாளரின் முதன்மை ஆயுதம். பிற்காலத்தில் நடராஜனின் அடையாளமாக மாறிய யார்க்கர் இந்தச் சூழலில் பழகியதாகும்.

அவ்வூரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்பவர் இவரது திறனை உணர்ந்து வழிகாட்டினார். அவரது தூண்டுதலால் நடராஜன் சென்னைக்குச் சென்று, தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கத்தின் நான்காம் பிரிவுக் கழக ஆட்டங்களில் ஆடத் தொடங்கினார். படிப்படியாக மேல் பிரிவுக்கு உயர்ந்து, முதல் பிரிவின் பெயர்பெற்ற கழகமான ஜாலி ரோவர்ஸ் அணியில் இடம்பெற்றார். வழிகாட்டியின் நினைவாக 'ஜேபி நட்டு' என்னும் பெயரைத் தம் ஆட்டச் சட்டையில் பொறித்துக்கொண்டார்.

பந்துவீச்சு முறை பற்றிய ஐயம்

2015 சனவரியில் கொல்கத்தாவில் வங்காள அணிக்கு எதிரான இரஞ்சிக் கிண்ண ஆட்டத்தில் நடராஜன் தமிழ்நாட்டு அணிக்காக முதன்முறையாக ஆடினார். அவ்வாட்டத்துக்குப் பின் அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என நடுவர்கள் அறிக்கை அளித்தனர். பந்தை விடுவிக்கும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பது பன்னாட்டுத் துடுப்பாட்ட அவையின் விதி. டென்னிஸ் பந்தில் தாமாகவே கற்றவர்களுக்கு இத்தகைய சிக்கல் எழுவது அரிதன்று.

முதல் ஆட்டத்திலேயே இவ்வாறு நேர்ந்ததால் அவரது ஆட்ட வாழ்க்கை தொடங்கும் முன்பே முடியக்கூடும் என்ற நிலை ஏற்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு அவர் தம் பந்துவீச்சு முறையை மாற்றி அமைக்கச் செலவிட்டார். தமிழ்நாட்டின் முன்னாள் வீரர்களும் பயிற்றுநர்களுமான சுனில் சுப்பிரமணியம், டி. வாசு உள்ளிட்டோர் இதற்கு உதவினர். கையின் அமைப்பை மாற்றிய பின்னரும் யார்க்கரின் துல்லியத்தை இழக்காமல் மீண்டு வந்ததே அவரது முதல் பெரிய வெற்றி எனலாம்.

திண்டுக்கல் டிராகன்சும் ஏலமும்

2016 இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் இருபது20 தொடர் 8 அணிகளுடன் தொடங்கப்பட்டது. மாவட்டங்களைச் சேர்ந்த வீரர்களுக்குத் தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆடும் வாய்ப்பை இத்தொடர் அளித்தது. சென்னை, திருநெல்வேலி ஆகியவற்றோடு, திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் ஆட்டங்கள் நடைபெற்றன. முதல் தொடரில் நடராஜன் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஆடினார். சமநிலையில் முடிந்த ஓர் ஆட்டத்தின் சூப்பர் ஓவரில் அடுத்தடுத்து யார்க்கர்களாக அவர் வீசியது பெரிதும் பேசப்பட்டது.

இதன் பயன் விரைவில் கிட்டியது. 2017 பெப்ரவரியில் நடந்த இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில், 10 இலட்சம் உரூபாய் அடிப்படை விலை கொண்ட நடராஜனைக் கிங்ஸ் இலெவன் பஞ்சாப் அணி 3 கோடி உரூபாய்க்கு வாங்கியது. அப்போது அவர் தமிழ்நாட்டு அணிக்காக மிகச் சில ஆட்டங்களிலேயே ஆடியிருந்தார். அவ்வணியில் பொறுப்பு வகித்த வீரேந்தர் சேவாக் இவரைத் தேர்ந்தெடுப்பதில் ஆர்வம் காட்டினார்.

எனினும் 2017 தொடரில் 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகளை மட்டுமே நடராஜன் கைப்பற்றினார். 2018 ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணி இவரை 40 இலட்சம் உரூபாய்க்கு வாங்கியது. 2018, 2019 ஆகிய இரு தொடர்களிலும் அவர் ஓர் ஆட்டத்திலும் களமிறக்கப்படவில்லை. எனினும் முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்றுநராக இருந்த அவ்வணியின் வலைப் பயிற்சியில் உலகின் முன்னணி மட்டையாளர்களுக்குப் பந்து வீசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

2020: ஐதராபாத்து முதல் பிரிஸ்பேன் வரை

2020 இந்தியன் பிரீமியர் லீக் தொடர் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்றது. ஐதராபாத்து அணியின் மூத்த வேகப் பந்துவீச்சாளர் புவனேசுவர் குமார் காயம் காரணமாகத் தொடரின் இடையில் விலகியதால், இறுதி ஓவர்களின் பொறுப்பு நடராஜன் மீது விழுந்தது. அவர் 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஓவருக்கு 8.02 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார். அத்தொடரில் மிகுதியான யார்க்கர்களை வீசியவரும் இவரே. விராட் கோலி இவரிடம் ஆட்டமிழந்தார். நவம்பர் 6 அன்று அபுதாபியில் நடந்த வெளியேற்று ஆட்டத்தில், 56 ஓட்டங்கள் எடுத்து நிலைபெற்றிருந்த ஏ. பி. டி வில்லியர்சின் குச்சிகளை யார்க்கர் ஒன்றால் வீழ்த்தினார்.

தொடரைத் தொடர்ந்து ஆத்திரேலியாவுக்கு வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ்நாட்டின் மற்றொரு வீரரான வருண் சக்கரவர்த்தி தோள் காயத்தால் விலகவே, இருபது20 அணியில் அவரது இடம் நடராஜனுக்கு வழங்கப்பட்டது. அப்பயணத்தில் அவரது அறிமுக ஆட்டங்கள் பின்வருமாறு:

* ஒருநாள்: 2020 திசம்பர் 2, கான்பரா. 70 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகள். இந்தியா 13 ஓட்டங்களால் வென்றது.
* இருபது20: 2020 திசம்பர் 4, கான்பரா. 30 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள். இந்தியா 11 ஓட்டங்களால் வென்றது.
* தேர்வு: 2021 சனவரி 15 - 19, பிரிஸ்பேன். முதல் ஆட்டப் பகுதியில் 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள். இந்தியா 3 விக்கெட்டுகளால் வென்றது.

மூன்று இருபது20 ஆட்டங்களில் அவர் மொத்தம் 6 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இரண்டாவது ஆட்டத்தில் ஆத்திரேலியா 194 ஓட்டங்கள் குவித்தபோதும், நடராஜன் 4 ஓவர்களில் 20 ஓட்டங்களை மட்டுமே கொடுத்தார். தொடர் நாயகனாக அறிவிக்கப்பட்ட ஆர்திக் பாண்டியா, தம் பரிசுக் கோப்பையை நடராஜனிடம் அளித்தார்.

பிரிஸ்பேன் தேர்வு ஆட்டத்தில் பும்ரா, சமி, உமேசு யாதவ், அசுவின், ஜடேஜா ஆகியோர் அனைவரும் காயத்தால் ஆட இயலாத நிலை இருந்தது. தேர்வு ஆட்டங்களில் ஆடிய 300 ஆவது இந்தியராக நடராஜன் களம் இறங்கினார். முதல் ஆட்டப் பகுதியில் 24.2 ஓவர்கள் வீசி, சதம் அடித்த மார்னஸ் லபுசேனையும் மேத்தியூ வேடையும் ஆட்டமிழக்கச் செய்தார். 4 ஓவர்களுக்கு மட்டும் உரியவர் என்று கருதப்பட்ட ஒருவர் நீண்ட நேரமும் பந்து வீச வல்லவர் என்பதை இது காட்டியது.

இறுதிக்கட்டப் பந்துவீச்சு

இருபது20 ஆட்டத்தில் ஓர் அணிக்கு 20 ஓவர்கள், அதாவது 120 முறையான பந்துகள் உண்டு. ஒரு பந்துவீச்சாளர் 4 ஓவர்களுக்கு மேல் வீச இயலாது. முதல் 6 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே 2 களத்தடுப்பாளர்கள் மட்டுமே நிற்கலாம். அதன் பின் 5 பேர் வரை நிற்கலாம். கடைசி 4 ஓவர்கள் பொதுவாக இறுதிக்கட்டம் எனப்படுகின்றன.

இக்கட்டத்தில் மட்டையாளருக்கு ஆட்டமிழக்கும் அச்சம் பெரிதாக இருப்பதில்லை. விக்கெட்டுகள் கையில் இருந்தால் ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கு வெளியே அனுப்ப முயல்வார். ஆகவே நல்ல அளவில் விழுந்து மட்டையின் ஓரத்தைத் தேடும் பந்து, தேர்வு ஆட்டத்தில் விக்கெட்டைப் பெற்றுத் தரும். இங்கோ அது ஆறு ஓட்டங்களாக மாறலாம். இறுதிக்கட்டப் பந்துவீச்சாளரின் பணி, மட்டையாளர் முழு வீச்சில் மட்டையைச் சுழற்ற இயலாத இடத்தில் பந்தை விழச் செய்வதாகும். யார்க்கர், வேகம் குறைந்த பந்து, வெளிப்பக்கம் விலகிச் செல்லும் முழு நீளப் பந்து ஆகியவை இதற்கான கருவிகள்.

யார்க்கரின் கணக்கு

யார்க்கர் என்பது மட்டையாளரின் காலடியில், மட்டை தரையைத் தொடும் இடத்தில் விழும் பந்து ஆகும். அதற்கு அடியில் மட்டையைச் செலுத்திப் பந்தை உயர்த்தி அடிக்க இடம் இருப்பதில்லை. இதனால்தான் அதை அடிப்பது கடினம். அதை வீசுவது அதைவிடக் கடினம்.

ஆடுகளத்தின் நீளம் 20.12 மீட்டர். மட்டையாளர் நிற்கும் கோடு குச்சிகளுக்கு 1.22 மீட்டர் முன்னால் உள்ளது. ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில் விடப்படும் பந்து அரை நொடிக்குள் மட்டையாளரை அடைந்துவிடும். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், பந்து கையை விட்டு நீங்கும் கோணம் ஒரு பாகை மாறினாலே அது விழும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். ஒரு மீட்டர் முன்னால் விழுந்தால் அது மட்டையாளர் விரும்பும் அரை எழுச்சிப் பந்து. சற்றே நீண்டு போனால் தரையில் படாமல் வரும் முழுப் பந்து. இரண்டுமே எளிதில் அடிக்கப்படுபவை.

அதாவது, பாகையின் ஒரு சிறு பகுதி அளவே பிழைக்கு இடம் உண்டு. ஓடி வந்து, களைப்புடன், ஆயிரக்கணக்கான பார்வையாளர்களின் ஓசைக்கு நடுவே, வியர்வையும் பனியும் படிந்த பந்தைக் கொண்டு இதை ஆறு முறை செய்ய வேண்டும். நடராஜனின் மதிப்பு இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் அடங்கியுள்ளது.

வலிமைகள்

இடக்கைக் கோணம்: குச்சிகளுக்கு மேலாக வரும் இடக்கை வீச்சாளரின் பந்து, வலக்கை மட்டையாளரின் கால் பக்கத்திலிருந்து குறுக்காக வெளிப்பக்கம் நோக்கிச் செல்லும். பெரும்பாலான வேகப் பந்துவீச்சாளர்கள் வலக்கையர் என்பதால், இக்கோணத்துக்கு மட்டையாளர்கள் தம்மைத் தனியே பழக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

திரும்பத் திரும்ப வீசும் ஆற்றல்: யார்க்கரை அவ்வப்போது வீசுபவர் பலர். ஓர் ஓவரில் நான்கு, ஐந்து முறை வீசத் துணிபவர் சிலரே. நடராஜனின் ஓட்டமும் வீச்சும் எளிமையானவை. அதனால் அழுத்தத்திலும் அவரது பந்துவீச்சு முறை பெரிதாக மாறுவதில்லை.

வேக மாற்றம்: விரல்களால் பந்தை வெட்டி வீசும் மெதுவான பந்து அவரது இரண்டாவது கருவி. யார்க்கரை எதிர்பார்த்து மட்டையைத் தாழ்த்தி நிற்கும் மட்டையாளர், தாமதமாக வரும் பந்தைத் தவறாக அடித்துப் பிடி கொடுப்பதுண்டு.

நிதானம்: 2021 மார்ச்சு 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் ஆட்டத்தின் கடைசி ஓவர் இதற்குச் சான்று. இங்கிலாந்தின் வெற்றிக்கு 14 ஓட்டங்கள் தேவைப்பட்டன. 90 ஓட்டங்களைக் கடந்து ஆடிக்கொண்டிருந்த சாம் கரன் களத்தில் இருந்தார். நடராஜன் அந்த ஓவரில் 6 ஓட்டங்களை மட்டுமே கொடுத்தார். இந்தியா 7 ஓட்டங்களால் வென்று தொடரையும் கைப்பற்றியது. கரன் ஆட்டமிழக்காமல் 95 ஓட்டங்களுடன் நின்றார்.

குறைகள்

வேகம்: நடராஜன் மிகு வேகப் பந்துவீச்சாளர் அல்லர். யார்க்கர் தவறும்போது, பும்ரா, இசுட்டார்க் போன்றோருக்கு அவர்களது வேகம் ஓரளவு காப்பாக அமைகிறது. நடராஜனுக்கு அந்தக் காப்பு குறைவு. நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் இடையிலான வேறுபாடு அவரிடம் பெரிதாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

புதிய பந்து: தொடக்க ஓவர்களில் பந்தைக் காற்றில் வளைத்து விக்கெட் எடுப்பது அவரது முதன்மைத் திறன் அன்று. இருபுறமும் பயன்படும் இடக்கை வீச்சாளர் ஒருவர் கிடைத்தால் தேர்வாளர்கள் அவரையே விரும்புவர். 2022 இல் இந்திய அணியில் அறிமுகமான அர்ச்தீப் சிங் புதிய பந்திலும் இறுதிக்கட்டத்திலும் வீச வல்லவர். 2024 இருபது20 உலகக்கிண்ணத்தில் அவர் 17 விக்கெட்டுகளைக் கைப்பற்றியதோடு இந்திய அணியின் இடக்கை வேகப் பந்துவீச்சாளர் இடம் உறுதியாகிவிட்டது.

மட்டையாட்டம்: நடராஜன் வரிசையின் கடைசியில் ஆடுபவர். ஒருநாள், இருபது20 அணிகள் எட்டாம் இடம் வரை மட்டையாடத் தெரிந்தவர்களை நாடும் காலத்தில் இது ஒரு தடையாகும்.

கோடு தாண்டுதல்: பிரிஸ்பேன் தேர்வு ஆட்டத்தில் அவர் கோட்டைத் தாண்டி வீசிய முறையற்ற பந்துகள் பல. குறுகிய வடிவ ஆட்டங்களில் இத்தகைய பந்து ஒவ்வொன்றும் கூடுதல் ஓட்டத்தோடு, மட்டையாளருக்கு அச்சமின்றி அடிக்கும் ஒரு தடையற்ற பந்தையும் பெற்றுத் தருகிறது.

உடல்நிலை: குறைகளுள் இதுவே அவரது வளர்ச்சியை மிகுதியாகத் தடுத்தது.

காயங்களும் மீட்சியும்

2021 இந்தியன் பிரீமியர் லீக்கில் 2 ஆட்டங்கள் ஆடிய நிலையில் முழங்கால் காயம் காரணமாக நடராஜன் விலகினார். அவ்வாண்டு ஏப்ரலில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். செப்டெம்பரில் தொடரின் இரண்டாம் பகுதி தொடங்கியபோது அவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. இதனால் இந்திய அணியில் இடத்தை நிலைநிறுத்த வேண்டிய ஆண்டு முழுவதும் வீணாகியது. 2021 மார்ச்சு புனே ஆட்டத்துக்குப் பின், 2025 முடிய அவர் இந்திய அணிக்காக ஆடவில்லை. ஒரு தேர்வு ஆட்டத்தில் 3, இரு ஒருநாள் ஆட்டங்களில் 3, நான்கு இருபது20 ஆட்டங்களில் 7 விக்கெட்டுகள் என்பதே அதுவரையிலான அவரது பன்னாட்டுக் கணக்கு.

உள்நாட்டில் அவர் மீண்டு வந்தார். இந்தியன் பிரீமியர் லீக்கில் அவரது பந்துவீச்சுச் சுருக்கம்:

* 2017, பஞ்சாப்: 6 ஆட்டங்கள், 2 விக்கெட்டுகள்
* 2020, ஐதராபாத்து: 16 ஆட்டங்கள், 16 விக்கெட்டுகள்
* 2021, ஐதராபாத்து: 2 ஆட்டங்கள், 2 விக்கெட்டுகள்
* 2022, ஐதராபாத்து: 11 ஆட்டங்கள், 18 விக்கெட்டுகள்
* 2023, ஐதராபாத்து: 12 ஆட்டங்கள், 10 விக்கெட்டுகள்
* 2024, ஐதராபாத்து: 14 ஆட்டங்கள், 19 விக்கெட்டுகள்
* 2025, தில்லி: 2 ஆட்டங்கள், விக்கெட் இல்லை

2024 ஏப்ரல் 20 அன்று தில்லி அணிக்கு எதிராக 19 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தது குறிப்பிடத்தக்கது. அவ்வாட்டத்தில் ஐதராபாத்து 266 ஓட்டங்களும் தில்லி 199 ஓட்டங்களும் எடுத்தன. பிற பந்துவீச்சாளர்கள் ஓட்டங்களை வாரி வழங்கிய ஆட்டத்தில் ஓவருக்கு 5 ஓட்டங்களுக்கும் குறைவாகக் கொடுத்தது யார்க்கரின் மதிப்பைக் காட்டியது. அவ்வாண்டு ஐதராபாத்து இறுதி ஆட்டம் வரை சென்றது. 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் தில்லி கேபிட்டல்ஸ் அணி அவரை 10.75 கோடி உரூபாய்க்கு வாங்கியது.

அடிபந்தாட்டத்துடன் ஒப்பீடு

ஆட்டத்தின் முடிவில் மட்டும் களமிறங்கும் சிறப்பு வீச்சாளர் என்னும் கருத்து அமெரிக்க அடிபந்தாட்டத்தில் (பேசுபால்) நெடுங்காலமாக உள்ளது. அங்கு ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளர் களைத்ததும் மாற்று எறிவாளர் வருவார். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்து வைப்பவர் முடிப்பாளர் எனப்படுவார். தொடக்க எறிவாளர் ஒரே மட்டையாளரை ஓர் ஆட்டத்தில் பல முறை எதிர்கொள்வதால் அவருக்குப் பல வகை எறிதல்கள் தேவை. முடிப்பாளரோ ஒரு முறை மட்டுமே எதிர்கொள்வார். ஆகவே சிறந்த ஓர் எறிதல் அவருக்குப் போதும்.

நியூயார்க் யாங்கீசு அணியின் மரியானோ ரிவேரா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பனாமாவைச் சேர்ந்த இவர் 1995 இல் தொடக்க எறிவாளராக அறிமுகமாகி, பின்னர் முடிப்பாளராக மாறினார். 'கட்டர்' என்னும் ஒரே வகை எறிதலைப் பெரிதும் நம்பி 652 ஆட்டங்களைக் காத்துச் சாதனை படைத்தார். 2019 இல் அடிபந்தாட்டப் புகழவைக்கு வாக்காளர்கள் அனைவராலும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வீரர் ஆனார்.

துடுப்பாட்டத்தில் இதே பாதை முழுமையாக அமைவதில்லை. இங்கு இறுதிக்கட்ட வீச்சாளர் இரு ஓவர்களை மட்டும் வீசிவிட்டு ஒதுங்க முடியாது. அவர் 20 ஓவர்களும் களத்தில் தடுப்பாளராக நிற்க வேண்டும். நான்கு ஓவர்களையும் வீச வேண்டும். தேவைப்பட்டால் மட்டையாடவும் வேண்டும். ரிவேராவுக்கு ஒரு திறன் போதுமானதாக இருந்ததும் நடராஜனுக்கு அது போதாமல் போனதும் ஆட்டத்தின் விதிகளால் நேர்ந்த வேறுபாடாகும்.

வாய்ப்புகள்

2023 முதல் இந்தியன் பிரீமியர் லீக்கில் நடைமுறைக்கு வந்த மாற்று வீரர் விதி நடராஜனைப் போன்றவர்களுக்கு இருமுனைக் கத்தியாக உள்ளது. பந்து வீசும்போது மட்டும் அவரைக் களமிறக்கி, மட்டையாடும்போது வேறொருவரை ஆடச் செய்யலாம் என்பதால் அவரது மட்டையாட்டக் குறை மறைகிறது. ஆனால் எதிரணியும் கூடுதல் மட்டையாளர் ஒருவரைக் கொண்டிருப்பதால் இறுதி ஓவர்களில் அடித்து ஆடுவோர் பெருகிவிட்டனர். 2024 இல் ஐதராபாத்து அணி பெங்களூருக்கு எதிராக 287 ஓட்டங்கள் குவித்தது இக்காலத்தின் போக்கைக் காட்டும். நடராஜன் ஓவருக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களும் 2020 இல் 8.02 ஆக இருந்து 2024 இல் 9.05 ஆக உயர்ந்தன. பன்னாட்டு ஆட்டங்களில் இவ்விதி இல்லாததால், இந்திய அணித் தேர்வில் அவருக்கு இதனால் பயன் இல்லை.

2025 தொடரில் இரவு ஆட்டங்களின் இரண்டாம் பகுதியில், பத்தாவது ஓவருக்குப் பின் பந்தை மாற்றிக்கொள்ள இடமளிக்கப்பட்டது. பனியில் நனைந்து வழுக்கும் பந்தைக் கொண்டு யார்க்கர் வீசுவது கடினம் என்பதால், இம்மாற்றம் இறுதிக்கட்ட வீச்சாளர்களுக்கு உதவக்கூடியது. ஆயினும் அத்தொடரில் தில்லி அணி அவரை 2 ஆட்டங்களில் மட்டுமே பயன்படுத்தியது. மிட்செல் இசுட்டார்க், முகேசு குமார் ஆகியோர் அவ்வணியில் இருந்தனர். 2026 தொடருக்கும் அணி அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2025 இல் நடராஜன் திருப்பூர் தமிழன்ஸ் அணியில் இடம்பெற்றார். அவ்வணி நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், முந்தைய ஆண்டு வாகையரான திண்டுக்கல் டிராகன்ஸ் அணியை 118 ஓட்டங்களால் வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

முப்பதுகளின் நடுப்பகுதியை எட்டியுள்ள வேகப் பந்துவீச்சாளர் ஒருவர் மீண்டும் இந்திய அணிக்குள் நுழைவது எளிதன்று. எனினும் யார்க்கருக்கு மிகு வேகம் தேவையில்லை, துல்லியமே தேவை. துல்லியம் வேகத்தைப் போல அகவையுடன் விரைந்து குறைவதில்லை. ஆகவே உடல்நிலை ஒத்துழைத்தால், உள்நாட்டு இருபது20 தொடர்களில் இறுதிக்கட்ட வீச்சாளராக அவர் மேலும் சில ஆண்டுகள் பயன்படக்கூடும்.

சின்னப்பம்பட்டிக்குத் திரும்பியது

நடராஜன் தம் ஊரிலேயே துடுப்பாட்டப் பயிற்சிக்கு வழி செய்தார். அவ்வூரைச் சேர்ந்த வேகப் பந்துவீச்சாளர் ஜி. பெரியசாமி, 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் அணிக்காக 15 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். அன்று தோற்ற அணி, நடராஜனை முதலில் வெளியுலகுக்குக் காட்டிய திண்டுக்கல் டிராகன்ஸ் ஆகும்.

2023 சூனில் சின்னப்பம்பட்டியில் 'நடராஜன் கிரிக்கெட் மைதானம்' திறக்கப்பட்டது. முன்னாள் தமிழ்நாட்டு அணித்தலைவர் தினேசு கார்த்திக் அதைத் திறந்து வைத்தார். 20 அகவை வரை தோல் பந்தைக் கையில் எடுக்காத ஒருவர், முதல் பருவத்திலேயே வீச்சு முறையை மாற்ற நேர்ந்த ஒருவர், அடுத்து வரும் சிறுவர்கள் இளமையிலேயே சரியான பந்தில், சரியான முறையில் தொடங்குவதற்கு இடம் அமைத்துள்ளார். பிந்தித் தொடங்கியதால் அவருக்குத் தவறிய ஆண்டுகள் அங்கு பயிலும் சிறுவர்களுக்குத் தவறாமல் இருப்பதே அம்மைதானத்தின் பயன்.